சேம அச்சு

பழங்காலத்தில் உப்பு வணிகராகிய உமணர் நெடுந்தொலைவு புறப்படும்போது, தம் வண்டியின் அடிமரத்தில் மற்றோர் அச்சினையும் கட்டிக்கொண்டு செல்வது வழக்கம். சுமையோ மிகுதி, வழியோ கரடுமுரடானது. நடுவழியில் அச்சு முறிந்தால் அழைத்தவுடன் வரத்தக்க தச்சன் ஒருவனும் அருகில் இலன். ஆதலின், முறிவு நேர்வதற்கு முன்னரே அதற்குரிய மாற்றும் வண்டியோடு சென்றது. அதற்குச் சேம அச்சு என்பது பெயர். அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியை ஒளவையார் இச்சேம அச்சுக்கு ஒப்பிட்டுப் பாடியிருத்தலைப் புறநானூற்றில் காணலாம்.

எருது பூட்டிய வண்டியின் இடத்தில் எஞ்சின் பூட்டிய வண்டி வந்த பின்னும் இவ்வழக்கம் மறைந்துவிடவில்லை. சாலை உள்ள இடங்களில் அதற்குத் தேவை இல்லாது போயிற்று. சாலை இல்லாத இடங்களில் அஃது இன்றும் உயிரோடு இருக்கிறது. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் அமைந்த கலிபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா என்னும் மலைத்தொடரின் குறுக்கே செல்லும் ரூபிக்கன் பாதை அத்தகைய இடங்களுள் ஒன்று.

ரூபிக்கன் என்பது இத்தாலி நாட்டுச் சிற்றாறு ஒன்றன் பெயர். கி.மு. 49இல் ஜூலியஸ் சீசர் தம் படையுடன் அதனைக் கடந்தபோது உள்நாட்டுப் போர் மூண்டது, பின்வாங்க வழியில்லை. திரும்பி வர இயலாத செயலில் இறங்குவதை, ‘ரூபிக்கனைக் கடத்தல்’ என்று மேலைநாட்டார் இன்றும் கூறுவர். கலிபோர்னிய மலையாறு ஒன்றுக்கு அப்பெயரை இட்டவர், பொருத்தம் அறிந்தே இட்டார் போலும். அவ்வாற்றங்கரை வழியாகச் செல்லும் பாதையின் நீளம் 22 மைல் என்பர். அதில் ஏறத்தாழ 12 மைல் தொலைவுக்குப் பாதை என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. யானைகள் படுத்திருப்பனபோல் கருங்கற் பாறைகள் கிடக்கின்றன. அவற்றின் மேலும் இடையிலும் வண்டி ஏறி இறங்கிச் செல்லுதல் வேண்டும். 1953ஆம் ஆண்டில் 55 ஜீப்புகளில் 155 பேர் கூட்டமாக இப்பாதையைக் கடந்தனர். அன்று தொடங்கி அஃது ஆண்டுதோறும் நிகழும் விழாவாயிற்று. ஜீப் நிறுவனத்தார் தாம் செய்யும் புதிய வண்டிகளை இங்கே ஓட்டிச் சோதிப்பதும் உண்டு.

இத்தகைய வழியில் வண்டியின் எவ்வுறுப்பு முதலில் முறியும்? பெரும்பாலும் முன்னச்சே. அதன் காரணத்தை அறிய, அவ்வச்சின் அமைப்பினைச் சற்று நோக்குதல் வேண்டும்.

மாட்டு வண்டியின் அச்சு ஒரே இரும்புத் தண்டு. அது சுழல்வதில்லை, அதன் இரு முனைகளிலும் சக்கரங்கள் மட்டுமே சுழலும். சுமை தாங்குதல் ஒன்றே அதன் தொழில். எனவே, அது சுமையினால் முறிகின்றது. மயிலிறகு ஏற்றிய வண்டியும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் கூறியது இவ்வகை அச்சினையே ஆகும். ஜீப்பின் முன்னச்சில் இரண்டு தொழில்கள் இரண்டு உறுப்புகளுக்குப் பிரித்து அளிக்கப்பட்டுள்ளன. புறத்தே உள்ளது தடித்த எஃகுக் குழாய்; வண்டியின் பாரத்தை அது தாங்கும். அக்குழாயின் உள்ளே, பாரம் எதனையும் தாங்காமல், சுழன்றுகொண்டிருப்பது ஒரு தண்டு. சக்கரத்தைச் சுழற்றுவது அதன் தொழில். குழாய் சுமையால் வளையும். தண்டோ முறுக்கினால் முறியும். வள்ளுவர் காலத்தில் இல்லாத முறிவு இது.

அம்முறுக்கு எத்துணைப் பெரியது என்பதற்கு ஒரு கணக்குப் போதும். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் எஞ்சின் 60 குதிரைத்திறன் உடையது. இக்காலச் சிறு கார்களின் எஞ்சின்களும் அதனை விஞ்சும். ஆயினும், அவ்வண்டியை முதல் கியரில் வைத்து, மலையேறுதற்குரிய தாழ்நிலைக் கியரையும் சேர்த்தால், எஞ்சினின் முறுக்கு விசை முதற்கண் 2.67 மடங்காகவும், பின்னர் அது 1.97 மடங்காகவும், இறுதியில் அச்சிலுள்ள பற்சக்கரங்களால் 4.88 மடங்காகவும் பெருகும். மூன்றையும் பெருக்கினால் 25 மடங்குக்கு மேல் வருகின்றது. வேகம் அதே அளவுக்குக் குறைந்துவிடுவதால், ஓட்டுபவனுக்கு வண்டி ஆமைபோல் ஊர்வதாகத் தோன்றும். குழாயினுள் சுழலும் தண்டுக்குத்தான் உண்மை தெரியும்.

மற்றொன்றும் உண்டு. முன் சக்கரங்கள் இடமும் வலமும் திரும்புதல் வேண்டும் அன்றோ? ஒரே தண்டாக இருப்பின் அவை திரும்ப இயலா. எனவே, ஒவ்வொரு பக்கத்திலும் தண்டானது உள்தண்டு, வெளித்தண்டு என இரண்டாகப் பிரிந்து, இடையே ஒரு மூட்டினால் இணைக்கப்பட்டுள்ளது. தண்டின் முனை கவைபோலப் பிரிந்து இரண்டு காதுகளாக நிற்கும். எதிரெதிரே நிற்கும் இரண்டு கவைகளையும் கூட்டல் குறி வடிவில் அமைந்த ஓர் எஃகுத் துண்டு பிணைக்கும். பணிமனைத் தொழிலாளர் அதனைக் ‘கிராஸ்’ என்பர். அதன் நான்கு முனைகளிலும் சிறு கிண்ணங்கள் கவிழ்க்கப்பட்டிருக்கும். கிண்ணங்களுள் ஊசிபோன்ற மெல்லிய உருளைகள் வரிசையாக நிற்கும். இம்மூட்டுக்கு 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கார்டானோ என்னும் இத்தாலியர் பெயரும், 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹூக் என்னும் ஆங்கிலேயர் பெயரும் வழங்குகின்றன. தண்டுகள் இரண்டும் நேராக நிற்கும்போது மூட்டு வலிமையோடிருக்கும். சக்கரம் முழுதும் திரும்பியிருக்கும்போது மூட்டும் மடங்கியிருக்கும். விசை முழுவதும் காதுகளின் ஓரங்களைத் தாக்கும். அந்நிலையில் சக்கரம் இரு பாறைகளுக்கிடையே சிக்கிக்கொள்ள, ஓட்டுபவன் பொறுமை இழந்து காலை அழுத்துவானாயின், 25 மடங்கு முறுக்கும் அவ்வோரங்களின் மேல் வந்து விழும்.

இனி, நான்கு ஜீப்புகளில் இப்பாதையைக் கடக்கும் ஒரு குழுவினரைக் கருதுக. கோடைக்காலத்துப் பிற்பகல். லூன் ஏரியின் பக்கமிருந்து காலையில் புறப்பட்டவர்கள், பக் தீவு ஏரியை நெருங்கிக்கொண்டிருக்கின்றனர். மூன்றாவது வண்டி 1970களில் செய்யப்பட்ட சி.ஜே.-5 வகையைச் சேர்ந்தது. அதனை ஓட்டுபவன் ஓர் இளைஞன். முன் சக்கரம் இடப்புறம் முழுதும் திரும்பிய நிலையில் ஒரு பாறையின் இடுக்கில் சிக்கிக்கொண்டது. அவன் காலை அழுத்தினான். துப்பாக்கி வெடித்தாற்போல் ஓர் ஓசை எழுந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, வண்டி அசையாமல் நின்றது.

கடைசி வண்டியில் வந்த முதியவர் இறங்கி வந்தார். “எஞ்சினை நிறுத்து, தம்பி. இனி அதனை அழுத்தாதே” என்றார். பின்பு குனிந்து இரு சக்கரங்களின் உட்புறத்தையும் பார்த்தார். இடப்பக்க மூட்டில் ஒரு காது இல்லை. கிராஸும் இரண்டாகப் பிளந்திருந்தது.

“ஒரு பக்கந்தானே முறிந்தது? மற்றச் சக்கரம் ஏன் இழுக்கவில்லை?” என்று இளைஞன் வினவினான். நல்ல வினா. நடுவிலுள்ள டிபரன்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதி, தடை குறைந்த பக்கத்துக்கே சுழற்சியைச் செலுத்தும் இயல்புடையது. முறிந்த தண்டுக்குத் தடையே இல்லை. ஆதலின் சுழற்சி முழுவதும் அப்பக்கம் வீணாயிற்று. ஒரு பக்கத் தண்டு முறிந்தால் இரண்டு முன் சக்கரங்களும் விசை இழப்பது இதனாலேயே.

இப்போது செய்யத்தக்கது யாது? பின் சக்கரங்கள் நன்றாகவே இருந்தன. சக்கரத்தின் நடுவே உள்ள பூட்டைத் திருப்பி, முன் தண்டுகளைச் சக்கரத்திலிருந்து விடுவித்துவிட்டால், பின் சக்கரங்களாலேயே ஊர்ந்து செல்லலாம். சமவெளியில் அது போதும். ஆனால், இங்கே இரண்டு இடையூறுகள் இருந்தன. முறிந்த காது மூட்டினுள் தொங்கிக்கொண்டிருந்தது; அது குறுக்கே சிக்கினால் சக்கரம் திரும்பாமல் நின்றுவிடும். பாறை விளிம்பில் அவ்வாறு நேர்ந்தால் வண்டி உருளும். மற்றொன்று, எதிரே இருந்த காடிலாக் குன்று. ரூபிக்கன் ஊற்றுகளைக் கடந்தபின் கிழக்கே டாஹோ ஏரியை நோக்கி ஏறும் செங்குத்தான வழி அது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியே அதில் திணறும்.

“வண்டியை இங்கேயே விட்டுச் சென்று, பிறகு பணியாளரோடு வரலாமே” என்றார் குழுவில் ஒருவர். முதியவர் உடனே மறுக்கவில்லை. இருப்பது என்ன என்று பார்த்த பின்னர் முடிவு செய்யலாம் என்றார்.

மற்றொரு ஜீப்பின் வின்ச்சுக் கம்பியால் வண்டியை மெல்ல இழுத்து, ஓரளவு சமமான பாறைத் தளத்தில் நிறுத்தினர். இடப்பக்கம் சற்று உயர்ந்திருக்குமாறு நிறுத்தியது முதியவரின் யோசனை. தண்டை உருவும்போது டிபரன்ஷியலில் உள்ள எண்ணெய் அவ்வழியே ஒழுகும். அப்பக்கம் உயர்ந்திருந்தால் எண்ணெய் மறுபக்கம் சாய்ந்து நிற்கும். ஆயினும், குழாயின் வாய்க்குக் கீழே ஒரு தட்டும், எண்ணெய் உறிஞ்சும் துணியும் வைத்தனர். ஏரி அருகில் இருக்கிறது. பாறையில் சிந்திய எண்ணெயை அடுத்த மழை நேரே அதற்குள் கொண்டுசெல்லும். 2009ஆம் ஆண்டில் அவ்வட்டார நீர்த்தர வாரியத்தார் இப்பாதையின் சீர்கேட்டைக் குறித்து ஆணை பிறப்பிக்க வேண்டிய நிலையே ஏற்பட்டது. பாதை மூடப்பட்டுவிடுமோ என்று ஜீப் ஓட்டுவோர் அஞ்சினர். அதன்பின் எண்ணெய்த் துணி இல்லாமல் செல்பவரை உடன் வருவோரே கடிந்துகொள்கின்றனர்.

பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஜாக்கியின் அடியில் பலகை இட்டு, அச்சினை உயர்த்தினர். உயர்த்திய பின்னர் அச்சின் கீழே தாங்கு கட்டையும் வைத்தனர். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் கை நீட்டலாகாது. சக்கரத்தைக் கழற்றினர். அதன் நடுவிலிருந்த பூட்டு, வளையம், பேரிங்கை இறுக்கும் இரண்டு பெரிய நட்டுகள் ஆகியவை முறையே வெளிவந்தன. அந்நட்டுகளுக்கென ஒரு தனிச் சாவி உண்டு. அஃது இல்லாதவர் உளியும் சுத்தியலும் கொண்டு தட்டித் தட்டித் திருப்புவர். நட்டும் கெடும், பேரிங்கும் கெடும். முதியவரின் பெட்டியில் சாவி இருந்தது. கழற்றிய பேரிங்குகளை வெறும் பாறையில் வையாமல் தூய துணியில் சுற்றி வைத்தார்; ஒரு மணல் புகுந்தாலும் அது வழி முழுதும் பேரிங்கை அரைத்துக்கொண்டே வரும். பிரேக் தட்டைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டார். அதன் பாரம் எண்ணெய்க் குழாயின்மேல் விழலாகாது.

தண்டு வெளியே வந்தது. உடனே முதியவர் புதியதைத் தேடவில்லை. உடைந்த துண்டுகள் அனைத்தையும் துணியின் மேல் பரப்பி, உடைந்த பானையின் ஓடுகளைச் சேர்ப்பதுபோல் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். ஒரு துண்டு குறைந்தாலும் அது மூட்டின் உறையினுள் கிடக்கிறது என்பது பொருள். அவ்வாறே கிண்ணத்தின் சில்லு ஒன்று குறைந்தது. தேடியபோது கிரீஸில் புதைந்து கிடந்தது.

பின்னர், முறிந்த காதின் முகத்தை இளைஞனிடம் காட்டினார். முகத்தின் பெரும்பகுதி வெள்ளிபோல் மின்னியது. ஓரத்தில் மூன்றில் ஒரு பங்கு துருவேறிக் கறுத்திருந்தது. மின்னும் பகுதி அன்று முறிந்தது. கறுத்த பகுதி எப்போதோ வெடித்து, நீரும் காற்றும் புகுந்து, நாள்தோறும் சிறிது சிறிதாக வளர்ந்தது. அதுவரை தலை குனிந்து நின்ற இளைஞன், அப்பொழுதுதான் சற்று நிமிர்ந்தான். அவன் அழுத்தியதால் முறிந்தது என்பது உண்மை. ஆயினும், அன்று முறியாவிட்டால் மற்றொரு நாள் முறிந்தே இருக்கும்.

முதியவரின் பெட்டியில் மூன்று பொருள்கள் இருந்தன: ஒரு வெளித்தண்டு, இரண்டு கிராஸ்கள், ஓர் உள்தண்டு. வெளித்தண்டு இரு பக்கத்துக்கும் ஒன்றே. உள்தண்டு அவ்வாறு அன்று. இவ்வகை ஜீப்பில் டிபரன்ஷியல் நடுவில் இல்லாமல் வலப்பக்கம் தள்ளி அமைந்திருத்தலால், இடப்பக்க உள்தண்டு நீண்டும் வலப்பக்கத்தது குறுகியும் இருக்கும். அவரிடம் இருந்தது குறுகியது. முன்பொருமுறை தம் வண்டியில் வலப்பக்கம் முறிந்ததால், அதனையே அவர் சேமித்து வைத்திருந்தார். முறிந்த பக்கத்தையே மீண்டும் எதிர்நோக்குவது மனித இயல்பு.

முறிந்தது வெளித்தண்டின் காது. எனவே அதற்கு மாற்று இருந்தது. உள்தண்டின் காதுகள் முழுமையாகவே இருந்தன. ஆனால், கிராஸின் கிண்ணத்தை அக்காதின் துளையில் வைத்து விரலால் சுழற்றியபோது, அது தளர்ந்து சுழன்றது. வட்டமாக இருந்த துளை நீண்டுவிட்டது. கிண்ணம் நழுவாமல் காக்கும் வளையம் அமரும் காடியும் சிதைந்திருந்தது. அப்படியே பூட்டினால் முதற்பாறையிலேயே கிண்ணம் வெளியே பாயும். புதிய வெளித்தண்டும் முறியும்.

இனி ஒரு வழியே எஞ்சியது. கிண்ணத்தைக் காதோடு வெல்டிங் செய்துவிடுதல். பணிமனையில் இதனைச் செய்பவனை எவரும் நல்ல தொழிலாளி என்னார். பின்னர் அத்தண்டு எதற்கும் உதவாது. கிராஸை மாற்றவும் இயலாது. அன்றியும், கோடையில் காய்ந்த பைன் சருகுகளுக்கு நடுவே தீப்பொறி எழுப்புதல் எளிய செயல் அன்று. முதியவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். காற்று அடங்கியிருந்தது, சுற்றிலும் வெறும் பாறை. இவ்விரண்டும் இல்லையாயின் வண்டியை விட்டுச் செல்வோம் என்றே அவர் கூறியிருப்பார்.

பாறையில் இருந்த சருகு அனைத்தும் கூட்டி அகற்றப்பட்டது. நீரும் மண்வெட்டியும் கையெட்டும் தொலைவில் வைக்கப்பட்டன. இரண்டு ஜீப்புகளிலிருந்து பாட்டரிகளைக் கழற்றித் தொலைவில் வைத்துத் தொடராக இணைத்தனர்; 12 வோல்ட்டும் 12 வோல்ட்டும் சேர்ந்து 24 வோல்ட் ஆயின. பாட்டரியிலிருந்து எழும் ஹைட்ரஜன் வாயு தீப்பொறி பட்டால் வெடிக்கும். அதனால் அவற்றின்மேல் ஈரத்துணி போர்த்தினர். தடித்த கம்பிகளின் ஒரு முனையில் வெல்டிங் குச்சி. மற்றொரு முனை தண்டில். இங்கே முதியவர் ஒரு நுட்பத்தைக் கவனித்தார். அம்முனையைக் கிராஸின் மறுபக்கத்துத் தண்டில் பிடித்தால், மின்னோட்டம் ஊசி உருளைகளின் வழியே பாய்ந்து அவற்றைப் பொத்தல் பொத்தலாக்கிவிடும். ஆதலின் எந்தக் காதில் வெல்டிங் செய்ய வேண்டுமோ, அதே காதில் அம்முனையைப் பிணைத்தார். மற்றவர் அனைவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள, கண்ணுக்குக் கருங்கண்ணாடி முகமூடி அணிந்து, ஒவ்வொரு கிண்ணத்திலும் எதிரெதிரே இரண்டு பொட்டுகள் வைத்தார். அவ்வளவே. ஒன்று ஆறிய பின்னரே மற்றொன்று. இல்லையெனில் உள்ளே இருக்கும் கிரீஸ் உருகி ஒழுகிவிடும்.

பூட்டுதல் கழற்றியதன் மறுதலை; எனினும், அவசரப்படுவோர் தவறுவது இங்கேதான். நீண்ட தண்டை உட்செலுத்தும்போது, டிபரன்ஷியலின் வாயில் உள்ள எண்ணெய்த் தடுப்பு வளையத்தை அதன் முனை கிழித்துவிடக் கூடும். எனவே, இருவர் கையால் தாங்கி, பற்கள் பொருந்தும் வரையில் மெல்லச் சுழற்றிச் செலுத்தினர். பேரிங்கின் நட்டைச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இறுக்கி, மீண்டும் சிறிது தளர்த்தி, அதன்பின் பூட்டு நட்டை இறுக்கினர். தொடங்கும்போது மணி இரண்டு. முடிக்கும்போது ஆறரை ஆயிற்று.

அன்றிரவு ரூபிக்கன் ஊற்றுகளின் அருகே தங்கினர். மறுநாள் காலையில் காடிலாக் குன்று. இளைஞனின் வண்டியை நடுவில் விட்டனர். சக்கரம் திரும்பியிருக்கும்போது காலை அழுத்துவதில்லை என்பது உடன்பாடு. திருப்பம் வந்த இடங்களில் எல்லாம் நிறுத்தி, வின்ச்சுக் கம்பியைக் கட்டி, முன் வண்டி இழுக்கவே ஏறினான். நேரான ஏற்றங்களில் மட்டும் முன் சக்கரங்கள் இழுத்தன. ஒரு வளைவில் கம்பி கட்டப் பாறையோ மரமோ அகப்படவில்லை. முதியவர் முன்னே நடந்து, ஒவ்வோர் அங்குலமாகக் கைகாட்டி ஏற்றினார். மூட்டிலிருந்து கடகடவென்று ஓர் ஒலி வந்துகொண்டே இருந்தது. ஆனால், பொட்டுகள் பிரியவில்லை.

டாஹோ ஏரியின் பக்கம் தார்ச் சாலையை அடைந்ததும், இளைஞன் சக்கரப் பூட்டுகளைத் திருப்பி முன் தண்டுகளை விடுவித்தான். முதியவர் தம் பெட்டியைத் திறந்து, மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த தாளில் வெளித்தண்டு என்பதையும், கிராஸ்கள் இரண்டனுள் ஒன்றையும் அடித்தார். கீழே, நீண்ட உள்தண்டு ஒன்று என்று எழுதினார். உடைந்த காதினைத் தனக்குத் தருமாறு இளைஞன் கேட்டான். துணியில் சுற்றிக் கொடுத்தார்.